பத்து சதவீதம் கூடுதலாக ஒரு வயல்: இங்கிலாந்தின் வீட்டுமனைச் சட்டம் வந்த கதை

இந்தக் கட்டுரை ஒரு எக்செல் ஃபைலில் ஆரம்பித்தது.

சில மாதங்களுக்கு முன்னால் வேறு எதையோ தேடிக்கொண்டிருந்தபோது, இங்கிலாந்து அரசின் இணையதளத்தில் அந்த ஃபைல் கண்ணில் பட்டது. ஏகப்பட்ட ஷீட்டுகள், மேக்ரோக்கள், ஒன்றோடொன்று கோத்த ஃபார்முலாக்கள். யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். ஒரு பக்கம், நிலத்தில் இப்போது என்னென்ன புல், புதர், மரம், குளம் இருக்கிறது என்று நிரப்ப வேண்டும். இன்னொரு பக்கம், அங்கே வீடு கட்டி முடித்த பிறகு என்னென்ன இருக்கும் என்று நிரப்ப வேண்டும். கடைசியில் ஒரு சதவீதம் வந்து நிற்கும். அது 10-க்குக் கீழே இருந்தால், மிச்சத்தை வேறு எங்காவது ஈடுகட்டும் வரை பில்டர் மண்வெட்டியை எடுக்க முடியாது.

இருபது வருஷமாக மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவன் நான். எக்செல் ஃபைலைப் பார்த்தால் உள்ளே என்ன ஃபார்முலா ஓடுகிறது என்று தோண்டிப் பார்க்காமல் தூக்கம் வராது. தோண்டினேன். ஃபார்முலாவை விட, அது அங்கே வந்து சேர்ந்த கதை சுவாரசியமாக இருந்தது. ஐம்பது வருஷக் கதை. அதில் ஒரு பறவை இருக்கிறது, ஒரு பழைய ராணுவ முகாம் இருக்கிறது, வேலியில் போடாமல் விட்ட ஓட்டைகள் இருக்கின்றன. படித்து முடித்தபோது எனக்கு ஒரு கவலையும் மிச்சம் இருந்தது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் சட்டம் என்ன என்று சுருக்கமாகப் பார்த்துவிடலாம். இதற்கு 'பயோடைவர்சிட்டி நெட் கெய்ன்' என்று பெயர். பல்லுயிர் நிகர லாபம் என்று வைத்துக்கொள்வோம். 2021-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் சட்டம் இதைக் கட்டாயமாக்கியது. பெரிய திட்டங்களுக்கு 2024 பிப்ரவரி 12 முதலும், சிறிய மனைகளுக்கு அதே வருஷம் ஏப்ரல் 2 முதலும் அமலுக்கு வந்தது. வீடு கட்டும்போது அந்த இடத்தின் இயற்கை மதிப்பு குறையக் கூடாது, குறைந்தது 10 சதவீதம் கூட வேண்டும், கூடியதை 30 வருஷம் காப்பாற்ற வேண்டும். இவ்வளவுதான் சட்டத்தின் சாரம். இது இங்கிலாந்துக்கு மட்டும். ஸ்காட்லாந்துக்கும் வேல்ஸுக்கும் தனி வழி.

"இயற்கையின் மதிப்பு கூட வேண்டும்" என்று சொல்லிவிடலாம். கூடியதா குறைந்ததா என்று எப்படித் தெரியும்? அங்கேதான் கதை தொடங்குகிறது.

பட்டியலில் இல்லாத நிலம்

பிரிட்டனில் நிலம் உங்களுடையதாக இருந்தாலும் அதில் வீடு கட்டும் உரிமை தானாக உங்களுக்குக் கிடையாது. 1947-இல் வந்த நகர, ஊரகத் திட்டச் சட்டம் அந்த உரிமையை அரசின் கைக்கு மாற்றியது. எது கட்டுவதாக இருந்தாலும் உள்ளூர் கவுன்சிலிடம் அனுமதி வாங்க வேண்டும். இரண்டு வருஷம் கழித்து, 1949-இல், தேசியப் பூங்காக்களுக்கான சட்டம் வந்தது. அரிய செடிகளோ உயிரினங்களோ உள்ள இடங்களைத் தனியாக அடையாளம் கண்டு குறிக்கும் முறையும் அதோடு தொடங்கியது. சுருக்கமாக எஸ்.எஸ்.எஸ்.ஐ. என்பார்கள். 'சிறப்பு அறிவியல் ஆர்வமுள்ள இடம்' என்று பொருள்.

இந்த ஏற்பாட்டில் ஒரு பெரிய ஓட்டை. பட்டியலில் இருக்கும் இடத்துக்குப் பாதுகாப்பு உண்டு. பட்டியலில் இல்லாத இடத்துக்கு? சாதாரண புல்வெளி, வயலோரப் புதர், பழைய உயிர்வேலி, குட்டை, இதையெல்லாம் யாரும் கணக்கில் எடுக்கவில்லை. ஒவ்வொன்றாகப் போனது. பறிகொடுத்ததில் பெரும்பங்கு வீடுகளால் அல்ல, நவீன விவசாயத்தால். 1930-களுக்கும் 1980-களுக்கும் இடையில் தாழ்நிலப் பூப்புல்வெளிகளில் 97 சதவீதம் போய்விட்டது என்பது அங்கே அடிக்கடி சொல்லப்படும் கணக்கு. மிச்சம் இருந்த துண்டு துணுக்குகள் மீதுதான் புது லேஅவுட்டுகள் வந்து உட்கார்ந்தன. ஒரு ஏக்கர் புதரை அழித்தால் கவுன்சில் வருத்தப்படலாம், நாலு மரம் நடச் சொல்லலாம். எவ்வளவு இழப்பு, எவ்வளவு ஈடு என்று கேட்க அதன் கையில் அளவுகோல் இல்லை.

அளவுகோல் வேறு நாடுகளில் உருவாகிக்கொண்டிருந்தது.

மூன்று நாடுகள், மூன்று கணக்குகள்

முதலில் அமெரிக்கா. 1972-ஆம் ஆண்டின் தூய நீர்ச் சட்டத்தில் 404-ஆம் பிரிவு என்று ஒன்று உண்டு. சதுப்பு நிலத்தில் மண்ணைக் கொட்டி மூட வேண்டுமானால் அனுமதி வேண்டும் என்றது. காலப்போக்கில், மூடுகிறவர் வேறு இடத்தில் சதுப்பு நிலத்தை உண்டாக்கித் தர வேண்டும் என்ற வழக்கம் வந்தது. 1988-இல் தேசிய அளவிலான ஒரு கொள்கைக் குழு 'நிகர இழப்பு கூடாது' என்ற இலக்கை முன்வைத்தது. அடுத்து அதிபரான ஜார்ஜ் எச்.டபிள்யூ. புஷ் அதை அரசின் கொள்கையாகவே எடுத்துக்கொண்டார். சதுப்பு நிலங்களை முன்கூட்டியே உருவாக்கி வைத்து, தேவைப்படுகிறவர்களுக்குக் கிரெடிட்டாக விற்கும் 'வங்கிகள்' முளைத்தன.

2001-இல் அமெரிக்காவின் தேசிய ஆராய்ச்சி மன்றம் இதைப் பரிசீலித்து ஒரு அறிக்கை வெளியிட்டது. முடிவு கசப்பானது. 'நிகர இழப்பு கூடாது' என்ற இலக்கு எட்டப்படவில்லை. ஈடாகத் தருவதாகச் சொன்ன சதுப்பு நிலங்களில் சில உருவாக்கப்படவே இல்லை. உருவானவற்றில் பல, அழிந்ததைப் போல் வேலை செய்யவில்லை. இந்த அறிக்கையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பிற்பாடு இதே காட்சி திரும்ப வரும்.

இரண்டாவது ஜெர்மனி, அப்போதைய மேற்கு ஜெர்மனி. 1976-இன் கூட்டாட்சி இயற்கைப் பாதுகாப்புச் சட்டம் ஒரு வரிசையை வகுத்தது: இயற்கையில் கை வைப்பதை முடிந்தவரை தவிர், தவிர்க்க முடியாததை ஈடுகட்டு. பட்டியலில் உள்ள இடம், இல்லாத இடம் என்ற பாகுபாடு இதில் இல்லை. சாதாரண வயலுக்கும் பொருந்தும். அங்குள்ள மாநிலங்கள் ஒவ்வொரு வகை நிலத்துக்கும் புள்ளி போட ஆரம்பித்தன. பிற்பாடு ஊராட்சிகள் முன்கூட்டியே நல்ல காரியம் செய்து புள்ளிகளைச் சேர்த்து வைத்துக்கொள்ள 'சூழல் கணக்கு' என்று ஒன்றும் வந்தது. சேமிப்புக் கணக்கு மாதிரிதான்.

மூன்றாவது ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம். 2003-இல் அங்கே ஆய்வாளர்கள் 'வாழிட ஹெக்டேர்' என்ற முறையை வெளியிட்டார்கள். பரப்பை மட்டும் பார்க்காமல் தரத்தையும் பார்க்க வேண்டும். மனிதர் கைபடாத அதே வகைக் காட்டோடு ஒப்பிட்டு இது எத்தனை பங்கு தேறும் என்று மதிப்பெண் போட வேண்டும். அந்த மதிப்பெண்ணைப் பரப்பால் பெருக்க வேண்டும். பரப்பு பெருக்கல் தரம். இங்கிலாந்தின் எக்செல் ஃபைலிலும் அடிப்படைப் பெருக்கல் இதே ஜாதிதான்.

லாட்ஜ் ஹில்லின் நைட்டிங்கேல்கள்

இங்கிலாந்தில் இந்தப் பேச்சு சூடுபிடித்த காலத்தில் ஒரு வழக்கு எல்லோர் கவனத்தையும் இழுத்தது.

கென்ட் பகுதியில், மெட்வே ஆற்றுக்கும் தேம்ஸுக்கும் நடுவே ஹூ என்ற தீபகற்பம். அங்கே லாட்ஜ் ஹில் என்று, அப்போது பாதுகாப்பு அமைச்சகத்துக்குச் சொந்தமாக இருந்த பழைய ராணுவ நிலம் இருக்கிறது. ராணுவம் பயிற்சிக்கு வைத்திருந்த இடம், பொதுமக்கள் உள்ளே போக முடியாது. ஆள் நடமாட்டம் இல்லாததால் புதர் மண்டியது. அரசு மொழியில் இது 'ஏற்கெனவே பயன்படுத்தப்பட்ட நிலம்'. வயலை அழிக்காமல் வீடு கட்டுவதற்கு இதைவிட வாகான இடம் கிடைக்குமா? 5,000 வீடுகள் கொண்ட புது ஊர் ஒன்றைக் கட்டத் திட்டம் போட்டார்கள்.

2012-இல் பிரிட்டிஷ் பறவையியல் அறக்கட்டளை நாடு தழுவிய நைட்டிங்கேல் கணக்கெடுப்பு நடத்தியது. நைட்டிங்கேல் பார்க்கச் சாதாரணமான பழுப்பு நிறக் குருவி. குளிர்காலத்தை மேற்கு ஆப்பிரிக்காவில் கழித்துவிட்டு ஏப்ரலில் வரும். இரவில் பாடும். அடர்ந்த புதருக்குள் கூடு கட்டும். ஐம்பது வருஷத்தில் பிரிட்டனில் இதன் எண்ணிக்கை 90 சதவீதம் அளவுக்குச் சரிந்திருந்தது. அப்படிப்பட்ட நிலையில், அந்த ஒரே ராணுவ நிலத்தில் 80-க்கும் மேற்பட்ட ஆண் பறவைகள் பாடிக்கொண்டிருந்தன. நாட்டின் மொத்த நைட்டிங்கேல்களில் ஒரு சதவீதத்துக்கும் மேல்.

2013-இல் அந்த இடம் எஸ்.எஸ்.எஸ்.ஐ. பட்டியலில் சேர்ந்தது. திட்டத்தை ஆதரித்தவர்கள் கைவிடவில்லை. வேறோர் இடத்தில் இதே மாதிரி புதர்க்காடு வளர்த்து ஈடு செய்யலாம் என்றார்கள். 2014-இல் கவுன்சில் அனுமதியும் கொடுத்தது. ஆனால் மத்திய அரசு கோப்பைத் தன் பரிசீலனைக்கு எடுத்துக்கொண்டது. 2017-இல் அந்த 5,000 வீட்டுத் திட்டம் திரும்பப் பெறப்பட்டது.

எதிர்த்தவர்களின் கேள்வி எளிமையானது. புதரை நட்டுவிடலாம். அது நைட்டிங்கேலுக்குப் பிடித்த அடர்த்திக்கு வரப் பல வருஷம் ஆகும். வந்த பிறகும், ஆப்பிரிக்காவிலிருந்து வரும் பறவைக்கு "உன் விலாசம் மாறிவிட்டது" என்று யார் சொல்வது?

எக்செல் ஃபைலைத் தோண்டியபோது இது என் நினைவிலேயே இருந்தது. ஏனென்றால் அந்த ஃபைலில் பறவை கிடையாது. நைட்டிங்கேல், வௌவால், முள்ளெலி எதுவும் கிடையாது. அது எண்ணுவது வாழிடத்தை மட்டும். நல்ல புதர் இருந்தால் பறவை வரும் என்பது அதன் நம்பிக்கை. குறிப்பிட்ட சில உயிரினங்களைக் காக்கும் சட்டங்கள் தனியாக இருக்கின்றன, அவை இதனால் ரத்தாகவில்லை. ஆனாலும் 'இயற்கையின் மதிப்பு' என்று கடைசி ஷீட்டில் வரும் எண்ணுக்குள் ஒரு சிறகு கூட இல்லை என்பதை மறக்கக் கூடாது.

தன்னார்வம் பலிக்கவில்லை

இதற்கிடையில் அரசு ஒரு சோதனை ஓட்டம் விட்டது. 2010-இல் ஜான் லாட்டன் தலைமையிலான குழு, இங்கிலாந்தின் இயற்கை இடங்கள் சிறிதாகவும் சிதறியும் கிடக்கின்றன என்று அறிக்கை தந்தது. அவை பெருக வேண்டும், பெரிதாக வேண்டும், தரம் கூட வேண்டும், ஒன்றோடொன்று இணைய வேண்டும் என்பது அதன் சாரம். 2011-இல் வந்த அரசின் வெள்ளை அறிக்கை, பல்லுயிர் ஈட்டை முயன்று பார்க்கலாம் என்றது. 2012 முதல் 2014 வரை டெவன், எசெக்ஸ், வார்விக்ஷயர் உள்பட ஆறு பகுதிகளில் முயன்றார்கள். இன்றைய எக்செல் ஃபைலின் முதல் வடிவம் அப்போது பிறந்ததுதான்.

முறை தன்னார்வமானது. பிடித்தால் பில்டர் சேரலாம், பிடிக்காவிட்டால் பழைய மாதிரியே போகலாம். என்ன நடந்திருக்கும் என்று ஊகிப்பது கஷ்டமில்லை. இரண்டு வருஷத்தில் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் ஆட்கள் சேர்ந்தார்கள்.

2013-இல் சுற்றுச்சூழல் அமைச்சர் ஓவன் பேட்டர்சன் இதை நாடு முழுக்க விரிக்க ஒரு பச்சை அறிக்கை வெளியிட்டார். பழங்காடுகளையும் இந்தக் கணக்கில் கொண்டு வரலாமா என்ற பேச்சு கிளம்பியதும் எதிர்ப்பு வெடித்தது. இங்கிலாந்தில் பழங்காடு என்றால் 1600-ஆம் ஆண்டிலிருந்து தொடர்ந்து காடாகவே இருக்கும் இடம். நானூறு வருஷத்து மண்ணை முப்பது வருஷத்து நாற்றால் ஈடுகட்டுவதா என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. திட்டம் கிடப்பில் போனது. ஆனால் அந்தச் சண்டைக்கு ஒரு பலன் இருந்தது. இன்றைய சட்டத்தில் பழங்காடு போன்ற 'ஈடு செய்ய முடியாத வாழிடங்கள்' 10 சதவீதக் கணக்குக்கு வெளியே நிற்கின்றன. அவற்றை அழித்துவிட்டு, கணக்கில் நிகர லாபம் காட்ட முடியாது.

2018-இல் அரசின் 25 ஆண்டுச் சுற்றுச்சூழல் திட்டம் வந்தது. இம்முறை 'ஈடு' என்ற பழைய சொல் பின்னுக்குப் போய் 'நிகர லாபம்' முன்னுக்கு வந்தது. 2019 மார்ச்சில் நிதியமைச்சர் ஃபிலிப் ஹாமண்ட் இதைக் கட்டாயமாக்கப் போவதாக அறிவித்தார். கவனியுங்கள், அறிவித்தது நிதியமைச்சர். பில்டர்களுக்கும் இதில் ஒரு வசதி இருந்தது. ஒவ்வொரு கவுன்சிலும் ஒவ்வொரு விதமாகக் கேட்பதை விட, எல்லோருக்கும் ஒரே விதி, ஒரே ஃபைல் என்றால் நிலம் வாங்கும்போதே செலவைக் கணக்குப் போட்டுவிடலாம். 2021 நவம்பர் 9 அன்று மசோதா அரச ஒப்புதல் பெற்றுச் சட்டமானது. அமலுக்கு வர இன்னும் இரண்டேகால் வருஷம் ஆனது.

ஃபைலுக்குள் என்ன ஓடுகிறது

இப்போது நமக்குப் பிடித்த பகுதி. ஒரு நிலத்தின் மதிப்பை 'யூனிட்' என்ற அலகில் சொல்கிறார்கள். ஃபார்முலா இது: பரப்பு (ஹெக்டேரில்) × சிறப்பு × நிலை × அமைவிடம். சிறப்புக்கு 0, 2, 4, 6, 8 என்று எண்கள். தார் ரோட்டுக்கு 0, சாதாரண விளைநிலத்துக்கு 2, ஓரளவு நல்ல புல்வெளிக்கு 4, மிக அரிய வாழிடத்துக்கு 8. நிலை மோசம் என்றால் 1, சுமார் என்றால் 2, நன்று என்றால் 3. உள்ளூர் இயற்கைத் திட்டத்தில் முக்கியமான இடமாக இருந்தால் 1.15 வரை கூடும்.

புதிதாக உருவாக்கப் போவதற்கு இன்னும் இரண்டு கழிவு உண்டு. உருவாக்குவது எவ்வளவு சிரமம் என்பதற்கு ஒன்று. எத்தனை வருஷம் காத்திருக்க வேண்டும் என்பதற்கு இன்னொன்று. வருஷத்துக்கு 3.5 சதவீதம் கழித்துக்கொண்டே போவார்கள். வங்கி வட்டியைத் தலைகீழாகப் போட்ட மாதிரி. உயிர்வேலிக்கும் நீரோடைக்கும் தனித்தனிக் கணக்கு. ஓடையில் விட்டதைப் புல்வெளியில் பிடிக்க முடியாது.

ஒரு உதாரணம் போட்டுப் பார்ப்போம். எளிமைப்படுத்திய கணக்குதான். 10 ஹெக்டேர் கோதுமை வயல். ஒரு ஹெக்டேர் ஏறக்குறைய இரண்டரை ஏக்கர். சிறப்பு 2, நிலைக்கு 1. ஆக 20 யூனிட். 10 சதவீதம் கூட வேண்டும், எனவே இலக்கு 22.

பில்டர் 5 ஹெக்டேரில் வீடும் ரோடும் போடுகிறார். மதிப்பு 0. 2 ஹெக்டேர் வீட்டுத் தோட்டங்கள், ஒரு வருஷக் கழிவு போக 3.9 யூனிட். மீதி 3 ஹெக்டேரில் பூப்புல்வெளி உருவாக்குவதாகச் சொல்கிறார். சிறப்பு 4, நிலை 2, ஆக 24. ஐந்து வருஷத்தில் அந்த நிலைக்கு வரும் என்று வைத்தால் கழிவு போக 20.1. மொத்தம் 24 யூனிட். இலக்கைத் தாண்டி 20 சதவீதம் லாபம். வயலில் பாதி கான்கிரீட் ஆகிவிட்டது, இயற்கை மட்டும் ஐந்தில் ஒரு பங்கு கூடிவிட்டது!

இதை மோசடி என்று சட்டென்று சொல்லிவிட முடியாது. பூச்சிமருந்து அடித்த கோதுமை வயலில் நிஜமாகவே உயிர்கள் குறைவு. மூன்று ஹெக்டேர் நல்ல பூப்புல்வெளி அதைவிடப் பல மடங்கு மேல். ஆனால் 24 யூனிட்டில் 20 எங்கே இருக்கிறது பாருங்கள். இன்னும் முளைக்காத புல்வெளியில். அந்தப் புல்வெளியைப் பராமரிப்பது யார்? பெரும்பாலும் லேஅவுட்டின் பராமரிப்பு கம்பெனி, குடியிருப்பவர்களிடம் வருஷக் கட்டணம் வாங்கி. பூப்புல்வெளி என்றால் பெரும்பாலான மாதங்கள் முழங்கால் உயரத்துக்குக் காடு மாதிரி நிற்கும். குடியிருப்பவர்களுக்குப் பிள்ளைகள் பந்து விளையாட இடம் வேண்டும். யாரோ புகார் சொல்கிறார்கள், பராமரிப்பு ஆள் ரெண்டு வாரத்துக்கு ஒருமுறை மிஷின் விட்டு ஒட்ட வெட்டுகிறார். அவ்வளவுதான். அது சாதாரணப் புல்தரை ஆகிவிடும். சிறப்பு 2, நிலை 1, மூன்று ஹெக்டேருக்கு 6 யூனிட். மொத்தம் ஏறக்குறைய 10.

20 சதவீத லாபத்துக்கும் 50 சதவீத நஷ்டத்துக்கும் நடுவில் நிற்பது ஒரு புல்வெட்டும் மிஷின். எக்செல் ஃபைலுக்கு அந்த மிஷினைப் பற்றித் தெரியாது.

நேரில் போய்ப் பார்த்தவர்கள்

என் உதாரணம் கற்பனை. நிஜம் எப்படி என்று பார்த்தவர்கள் இருக்கிறார்கள்.

சட்டம் வருவதற்கு முன்பே சில கவுன்சில்கள் தாங்களாகவே இந்த முறைக்கு மாறியிருந்தன. அப்படிப்பட்ட ஆறு கவுன்சில்களின் கோப்புகளை சோஃபஸ் சு எர்ம்காசனும் சக ஆய்வாளர்களும் அலசி 2021-இல் கட்டுரை வெளியிட்டார்கள். நகரமல்லாத வாழிடங்களின் பரப்பு 34 சதவீதம் குறைந்திருந்தது. குறைந்த பரப்பில், பிற்பாடு, அதிகத் தரத்தில் தருவோம் என்ற வாக்குறுதியால் அது ஈடுகட்டப்பட்டிருந்தது. என் உதாரணத்தில் பார்த்த அதே வடிவம். தருவதாகச் சொன்ன யூனிட்டுகளில் 95 சதவீதம் அந்தந்த லேஅவுட்டின் எல்லைக்குள்ளேயே. யாரும் சரிவரக் கண்காணிக்காத இடைவெளியில் விழுந்தவை 27 சதவீதம்.

எல்லைக்குள் என்பதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், அங்கேதான் காவல் பலவீனம். பில்டர் வெளியே ஒரு விவசாயியிடம் யூனிட் வாங்கினால் அந்த இடம் அரசின் பதிவேட்டில் ஏறும், யார் வேண்டுமானாலும் தேடிப் பார்க்கலாம். அதுவும் கிடைக்காவிட்டால் கடைசி வழியாக அரசிடமே கிரெடிட் வாங்கலாம். சந்தையைக் கெடுத்துவிடக் கூடாது என்று வேண்டுமென்றே விலையை ஏற்றி வைத்திருக்கிறார்கள். மிகக் கீழ்த்தட்டு வகைக்கே ஒரு கிரெடிட் 42,000 பவுண்டு, ஒரு யூனிட்டுக்கு இரண்டு கிரெடிட் வேண்டும். ஆனால் லேஅவுட்டுக்குள்ளேயே செய்வதாகச் சொன்னது அந்தப் பொதுப் பதிவேட்டில் வராது. கவுன்சில்தான் பார்க்க வேண்டும். கவுன்சிலில் ஆள் இல்லை.

இரண்டாவது ஆய்வு இன்னும் எளிமையானது, அதனாலேயே எனக்கு மிகவும் பிடித்தது. ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தின் கியேரா சாப்மனும் மால்கம் டெய்ட்டும் தங்கள் குழுவோடு, கட்டி முடித்து மக்கள் குடியேறிவிட்ட 42 லேஅவுட்டுகளுக்கு நேரில் போனார்கள். ஏறக்குறைய 6,000 வீடுகள். கையில் அனுமதி வாங்கியபோது கொடுத்த வரைபடம். அதில் இருப்பதெல்லாம் தரையில் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாக எண்ணினார்கள். 2024 டிசம்பரில் அறிக்கை வந்தது.

வாக்களித்ததில் 53 சதவீதம்தான் இருந்தது. ரோட்டோர மரங்களைக் கழித்துவிட்டுப் பார்த்தால் 34 சதவீதம். பறவைப் பெட்டி, வௌவால் பெட்டிகளில் முக்கால்வாசி இல்லை. முள்ளெலி ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குப் போக வேலியின் அடியில் விட வேண்டிய ஓட்டைகளில் 83 சதவீதம் இல்லை.

அந்த ஓட்டையின் அளவு 13 சென்டிமீட்டருக்கு 13 சென்டிமீட்டர். வேலிப் பலகையில் ரம்பத்தை வைத்தால் அஞ்சு நிமிஷ வேலை. செலவு என்று சொல்ல ஒன்றுமில்லை. அதுவே நடக்கவில்லை.

நியாயமாக ஒன்றையும் சொல்ல வேண்டும். இந்த 42 லேஅவுட்டுகளும் கட்டாயச் சட்டத்துக்கு முந்தைய விதிகளில் அனுமதி பெற்றவை. 'புதுச் சட்டம் தோற்றுவிட்டது' என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. ஆனால் வரைபடத்தில் இருப்பதைத் தரையில் போய்ச் சரிபார்க்கும் பொறுப்பு அப்போது எந்தக் கவுன்சிலிடம் இருந்ததோ, இப்போதும் அதே கவுன்சிலிடம்தான் இருக்கிறது. 2024 மே மாதம் பிரிட்டனின் தேசியத் தணிக்கை அலுவலகம் இந்தச் சட்டத்தைப் பற்றி வெளியிட்ட அறிக்கையிலும், உள்ளாட்சிகளின் கண்காணிப்புத் திறன் கவலைக்குரிய விஷயமாக இடம்பெற்றது. 2001-இன் அமெரிக்க அறிக்கையை ஞாபகம் வைக்கச் சொன்னேனே, அது இதற்காகத்தான்.

என் பழைய ஆபீசில் ஒரு 80 சதவீதம்

முன்பு நான் வேலை பார்த்த ஓர் ஆபீசில் ஒரு உத்தரவு வந்தது. எழுதும் நிரலில் குறைந்தது 80 சதவீதத்தை டெஸ்ட்டுகள் தொட வேண்டும், இல்லாவிட்டால் ரிலீஸ் கிடையாது. நல்ல நோக்கம். மூன்று மாதத்தில் எல்லா டீமும் 80-ஐத் தாண்டிவிட்டோம். எப்படி? நிரலை ஓடவிட்டு, வந்த பதில் சரியா தப்பா என்று பார்க்காமலே முடிந்துவிடும் டெஸ்ட்டுகளை எழுதினோம். 'எழுதினார்கள்' என்று சொல்ல ஆசைதான். நானும் எழுதினேன். டாஷ்போர்டு பச்சையாக எரிந்தது. பிழைகள் அப்படியே இருந்தன.

பிரிட்டிஷ் பொருளாதார நிபுணர் சார்ல்ஸ் குட்ஹார்ட் 1975-இல் பணக் கொள்கை பற்றிச் சொன்ன கருத்து பிற்பாடு அவர் பெயரிலேயே விதியாகிவிட்டது. ஒரு அளவீட்டையே இலக்காக வைத்துவிட்டால் அது நல்ல அளவீடாக இருப்பதில்லை என்பது அதன் இன்றைய வடிவம். எங்களுக்கு 80, இங்கிலாந்துக்கு 10.

அதற்காக அந்த உத்தரவே வீண் என்று நான் சொல்ல மாட்டேன். அதற்கு முன் டெஸ்ட் என்ற பேச்சே எங்களிடம் இல்லை. பிற்பாடு மேலாளர் ஒருவர் வாரம் ஒருமுறை ஏதாவது பத்து டெஸ்ட்டை எடுத்து எல்லோர் முன்னாலும் படிக்க ஆரம்பித்தார். அதற்கப்புறம்தான் நிலைமை மாறியது. விதியை யாரும் மாற்றவில்லை. ஒரு ஆள் உட்கார்ந்து படித்தார், அவ்வளவுதான்.

இங்கிலாந்தின் எக்செல் ஃபைலையும் நான் அப்படித்தான் பார்க்கிறேன். 1947-லிருந்து பட்டியலில் இல்லாத நிலத்துக்கு மதிப்பு பூஜ்யமாக இருந்தது. இன்று ஒரு வயலோரப் புதரை அழிக்க நினைக்கும் பில்டர், அதற்கு ஒரு எண் இருக்கிறது என்பதை நிலம் வாங்கும்போதே யோசிக்க வேண்டியிருக்கிறது. இது சின்ன விஷயமில்லை. ஐம்பது வருஷம், நாலு நாடு, எத்தனையோ சண்டை, இவ்வளவும் சேர்ந்து அந்த ஃபார்முலாவைச் செதுக்கியிருக்கின்றன.

கவலை என்று ஆரம்பத்தில் சொன்னது இதைத்தான். ஃபார்முலாவைச் செதுக்கக் கொடுத்த உழைப்பில் சிறு பங்கு கூட, தரையில் போய்ப் பார்ப்பதற்கு ஒதுக்கப்படவில்லை. இப்போது அங்குள்ள அரசு ஒரு நாடாளுமன்றக் காலத்துக்குள் 15 லட்சம் வீடுகள் கட்டும் இலக்கில் இருக்கிறது. வீடு இல்லாதவர்களுக்கு வீடு வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. 2025 மே மாதம் சிறு மனைகளுக்கு இந்த விதியைத் தளர்த்துவது பற்றி அரசு கருத்துக் கேட்டது. சிறு பில்டர்களுக்குப் பாரம் அதிகம் என்பது காரணம். விவாதம் எல்லாம் யாருக்கு விதிவிலக்கு, எத்தனை சதவீதம், ஃபைலை எப்படி எளிமையாக்குவது என்பதைச் சுற்றியே ஓடுகிறது. விதி பத்தா இருபதா என்பது, போய்ப் பார்க்க ஆள் இருந்தால் மட்டுமே அர்த்தமுள்ள கேள்வி.

ஷெஃபீல்டு குழு செய்ததற்கு செயற்கைக்கோளும் வேண்டாம், மேக்ரோவும் வேண்டாம். வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு லேஅவுட்டைச் சுற்றி நடந்தார்கள். வேலியின் அடியில் குனிந்து பார்த்தார்கள். ஓட்டை இருந்ததா இல்லையா என்று குறித்துக்கொண்டார்கள்.

அந்த எக்செல் ஃபைலில் இதற்கு ஒரு ஷீட் இல்லை. இருந்தால், மற்ற எல்லா ஷீட்டுக்கும் முன்னால் அதைத்தான் நான் திறந்து பார்ப்பேன்.